வீடு யார் பெயரில்?

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் வறண்டு, தரை வெடித்துக் கிடந்த வருடம் அது. மந்தைவெளியில் என் பெற்றோர் குடியிருந்த அடுக்ககத்தில் 12 வீடுகள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் மதியம் வரும், சில நாள் நள்ளிரவு 2 மணிக்கு வரும். சத்தம் கேட்டதும் எழுந்து ஓடியவர் என் அம்மா. எந்த வீட்டுக்கு எத்தனை குடம், யார் வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொண்டு தண்ணீரைப் பங்கிட்டவரும் அவர்தான்.

அந்த ஜூன் மாதம் மொட்டை மாடியில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுவதா, பழைய மழைநீர்த் தொட்டியைச் சீர்செய்வதா என்பது கேள்வி. கை தூக்கச் சொன்னார்கள். அம்மாவும் தூக்கினார். செயலாளராக இருந்த இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, நீங்க தூக்க வேணாம்மா. ஓனர் ஓட்டு மட்டும்தான் கணக்கு. சார் வரலையா?"

"தண்ணி பங்கு போட்டது நான்தானே தம்பி?"

"அது எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா பத்திரம் சார் பேர்லதானே இருக்கு."

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. விதியில் இருந்ததைத்தான் சொன்னார். அம்மா கையை இறக்கிக்கொண்டார். அப்பா உடம்பு முடியாமல் கீழே படுத்திருந்தார். கிணறு என்று முடிவானது.

மறுவாரம் வகுப்பில் குடவோலை முறையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் நடத்துகிற நான் வருடா வருடம் பெருமையோடு சொல்லும் பாடம் அது. அந்த வருடம் பெருமை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இந்தக் கட்டுரை அன்று தொடங்கியது.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதிமுறை அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உடையவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

இந்த விதிகளில் நல்லவை பல. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. பதவியில் இருப்பவர் கணக்குச் சொல்ல வேண்டும், நாற்காலி ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது, அதிகாரம் குடும்பச் சொத்தாகக் கூடாது என்ற மூன்றும் எந்த நல்ல ஆட்சிக்கும் அடிப்படையான கொள்கைகள். 1100 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைக் கல்லில் எழுதியதற்காக நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட என்ன தகுதி வேண்டும்? கால் வேலிக்கு மேல் இறைநிலம் இருக்க வேண்டும். அதாவது வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவராக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். உத்தரமேரூர் பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் உழுதவர்கள், சேரியில் இருந்தவர்கள் யாருடைய பெயரும் குடத்துக்கு அருகில்கூட வந்திருக்காது. பெண்களுக்கு இடமில்லை என்று கல்வெட்டு தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை.

ஆனாலும் அந்தக் கல்வெட்டில் பெண்கள் வருகிறார்கள். கணக்குக் காட்டாதவரின் உறவினர்களை விலக்கும் இடத்தில் வருகிறார்கள். தாயின் தங்கை மக்கள், தாயின் அக்காள் மக்கள், அத்தை மக்கள், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன் என்று பட்டியல் நீள்கிறது. தாயும் சிற்றன்னையும் அத்தையும் தங்கையும் மகளும் அங்கே ஓர் ஆணை இன்னோர் ஆணோடு இணைக்கும் நூலாக மட்டும் நிற்கிறார்கள். ஒருவனுடைய தகுதியின்மை அவர்கள் வழியாகப் பாயும். தகுதி மட்டும் அவர்களிடம் வந்து தங்காது.

இப்போது 'இறை' என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் அதற்கு அரசன் என்று பொருள், கடவுள் என்று பொருள், வரி என்றும் பொருள். வரியில்லா நிலம் இறையிலி. ஆள்பவனும் ஆளப்படுபவர் தரும் பங்கும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அரசு எப்படித் தோன்றியது என்று கேட்கும் எவரும் கடைசியில் இந்தச் சொல்லுக்குத்தான் வந்து சேர வேண்டும். காட்டை அழித்து வயலாக்குகிறார்கள். ஏரி வெட்டுகிறார்கள். உண்டது போக விளைச்சல் மிஞ்சுகிறது. மிஞ்சியதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளவும், அதைக் காக்கவும், யார் எவ்வளவு தந்தார் என்று எழுதி வைக்கவும் ஓர் அமைப்பு உருவாகிறது. அந்தப் பங்கைப் பெறுவதற்காகப் பெரியவர்கள் சிறியவர்களை விழுங்குகிறார்கள்.

தமிழ் நிலத்தில் இந்த விழுங்கலுக்கு மிகப் பழைய சாட்சிகளில் ஒன்றைச் சொன்னவர்கள் பெண்கள். பறம்பு மலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். அவன் இறந்தான். புறநானூற்றின் 112ஆவது பாட்டு பாரி மகளிர் பாடியது. தந்தையும் குன்றும் இருந்த ஒரு நிலா நாளையும் இரண்டும் போய்விட்ட இன்னொரு நிலா நாளையும் அருகருகே வைத்துப் பார்க்கிற சிறிய பாட்டு. அதை நாம் கையறுநிலை என்று படிக்கிறோம். வேளிர்களின் சிறு நாடுகள் வேந்தர்களின் பெரிய அரசுகளுக்குள் கரைந்த கதையாகவும் அதைப் படிக்கலாம். மலையை இழந்த அந்த மகள்களுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் மணம் பேசினார். நிலம் கை மாறியது. நிலத்தின் மகள்கள் இன்னொருவர் வீடு தேடி அலைய நேர்ந்தது.

1884இல் எங்கெல்ஸ் எழுதிய நூல் குடும்பம், தனிச்சொத்து, அரசு மூன்றின் தோற்றத்தையும் ஒன்றாக வைத்து விளக்கியது. அதன் மானுடவியல் தகவல்கள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்த துணிவு இன்றும் நமக்குப் பயன்படுகிறது. நிலம் ஒருவன் பெயருக்கு வந்ததும் அது யாருக்குப் போகும் என்ற கவலையும் வருகிறது. அந்தக் கவலையிலிருந்து மனைவியின் உடல்மீது காவல் பிறக்கிறது. நம் மொழியில் மனைவி என்ற சொல்லுக்குள்ளேயே மனை இருக்கிறது, இல்லாள் என்பதில் இல் இருக்கிறது. ஆனால் உத்தரமேரூர் விதியில் சொந்த மனை என்பது மனைவியைக் குறிக்கவில்லை. வீட்டின் பெயரை அவளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டை அவனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஓர் எதிர்க்கேள்வி வரலாம். சோழர் காலப் பெண்களுக்குச் சொத்தே இல்லையா? இருந்தது. கல்வெட்டுகளில் நிலமும் பொன்னும் ஆடுகளும் கொடையளித்த பெண்கள் நிறையப் பேர். செம்பியன் மாதேவியும் குந்தவையும் அரச குடும்பத்தினர். அவர்களை விட்டுவிட்டாலும் சாதாரணப் பெண்களின் கொடைகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். தங்கள் பெயரில் வீடு பெற்ற 400 பெண்கள்! ஆனால் கோயிலுக்குப் பணி செய்வதற்காகத் தரப்பட்ட வீடு அது. ஊர்ச் சபையில் பேச அது வழி விடவில்லை.

நிலம் வைத்திருந்த பிராமணப் பெண்களோ, விற்கவும் கொடுக்கவும் கல்வெட்டில் வரும்போது பல இடங்களில் உடன் ஓர் ஆண் வருகிறான். அவனுக்கு 'முதுகண்' என்று பெயர். அவளுக்காகப் பேசும் காவலன். இந்தச் சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, சொத்து இருந்தால் மட்டும் போதவில்லை. சொத்தும் அதன்மீது பேசும் வாயும் ஒருத்தியிடமே சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் ஆணாதிக்க அரசு தன் திறமையைக் காட்டியது.

ஆயிரம் ஆண்டுகள் தள்ளி, அடையாற்றுக்கு வருவோம். 1917 மே மாதம் அங்கே இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் அதைத் தொடங்கி நடத்தியவர்கள். அதே ஆண்டு டிசம்பரில், சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்கச் சென்னை வந்த மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சந்தித்தது. வாக்குரிமை தரும்போது பெண்களையும் மக்களாகக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டது.

1919ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பெண் என்பதால் உள்ள தடையை நீக்குவதா வேண்டாமா என்று மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்யட்டும் என விட்டுவிட்டது. நீதிக் கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம் 1921இல் அந்தத் தடையை நீக்கியது. இந்தியாவில் அதைச் செய்த முதல் மாகாணம் இதுதான். அந்தக் கட்சியின் தலைவர்களான தியாகராயர், பனகல் அரசர் பெயர்களைத் தாங்கிய தியாகராய நகரிலும் பனகல் பூங்காவிலும் நாம் புடவைக் கடை தேடி நடக்கும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 1921இல் நீங்கிய தடை எது? பெண் என்பதால் இருந்த தடை மட்டும். சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. நிலவரி, வீட்டு வரி, வருமான வரி என ஏதோ ஒன்று குறிப்பிட்ட அளவுக்கு உன் பெயரில் கட்டப்பட வேண்டும். ஆண்களிலேயே சிறு பகுதியினருக்குத்தான் இது வாய்த்தது. பெண்களில் கேட்கவே வேண்டாம். கால் வேலி இறைநிலம், சொந்த மனை என்ற பழைய விதி ஆங்கிலச் சட்டத்தின் உடையில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன. இறை தருபவனுக்கே ஆட்சியில் குரல்.

கேட்க நியாயமாகத் தோன்றும். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்றுதான் அமெரிக்கக் குடியேற்றங்களும் பிரிட்டனை எதிர்த்தன. 1909இல் லண்டனில் பெண்கள் இதையே திருப்பிப் போட்டு, வாக்கு இல்லையென்றால் வரியும் இல்லை என்று சங்கம் அமைத்தார்கள். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியா அதில் இருந்து வழக்கைச் சந்தித்தார். ஆனால் வரியை விளைவிப்பவர் யார் என்ற கேள்வி இந்த முழக்கங்களுக்கு அடியில் புதைந்து போகிறது. நாற்று நட்டவள், களை பறித்தவள், நெல் குற்றியவள், உழுதவனுக்குச் சோறு ஆக்கியவள் எல்லோருடைய உழைப்பும் அந்த நெல்லில் இருக்கிறது. இறை அவன் பெயரில் எழுதப்படுகிறது. விளைவித்தவள் வேறு, கட்டியதாகப் பெயர் பெற்றவன் வேறு.

1935ஆம் ஆண்டுச் சட்டம் பெண் வாக்காளர்களைக் கூட்டியது. எப்படி? சொத்துத் தகுதி உள்ள ஆணின் மனைவி என்பதையும் ஒரு தகுதியாக்கியது. வாக்கு வேண்டுமென்றால் யாருக்காவது மனைவியாக இரு. பெண்கள் அமைப்புகள் இதை ஏற்காமல், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று கேட்டன. அது கிடைக்கக் குடியரசு வர வேண்டியிருந்தது. வந்த பிறகும், 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலப் பெண்கள். அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். முன்பு மனைவியாக இருந்தால் வாக்கு, இப்போது மனைவியாக மட்டும் பதிந்தால் வாக்கு இல்லை. இரண்டு முறையும் இழந்தவள் அவள்தான்.

வாக்கும் நிலமும் எப்படிப் பிணைந்தவை என்பதை முத்துலட்சுமி ரெட்டி நன்றாக அறிந்திருந்தார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரான அவர் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார் என்று படித்திருப்போம். அந்தப் போராட்டத்தில் 1929இல் வந்த சட்டம், கோயில் பணிக்கு ஈடாகப் பெண்கள் அனுபவித்து வந்த இனாம் நிலத்தை அந்தப் பணியிலிருந்து பிரித்தது. பணியை விட்டாலும் நிலம் போகாது என்ற நிலையை உண்டாக்குவதே நோக்கம். இதைச் சென்னையில் இருந்த தேவதாசிகள் பலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தங்கள் சொத்தும் வாரிசுரிமையும் தங்களைக் கேட்காமல் முடிவு செய்யப்படுகின்றன என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உத்தரமேரூர் அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. சொந்த மனை உள்ளவனே ஆளலாம் என்று கல்லில் வெட்டிய மண்ணிலிருந்து, மனையில் அவளுக்கும் பங்கு என்ற குரல் எழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. அது சட்டமாக இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தை தானே சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. பூர்விகச் சொத்தில் பிறப்பிலேயே மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. அதிலும் முன்பே திருமணமாகிவிட்ட மகள்கள் விடுபட்டார்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தது.

இன்று உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் உண்டு. 2022இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு சென்னை மாநகராட்சியின் மேயராக முதல் முறையாக ஒரு தலித் பெண் வந்தார். உத்தரமேரூர்க் குடத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் பெண் கவுன்சிலர் இருக்கும் எத்தனை வார்டுகளில் நாம் அவருடைய கணவரின் கைபேசிக்கு அழைக்கிறோம்? முதுகண் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு எண் மட்டும் புதிதாகக் கிடைத்திருக்கிறது.

என் கதையை முடிக்கிறேன். 2021இல் அப்பா இறந்தார். உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் அம்மா, தம்பி, நான் என மூன்று பெயர்கள். உறவினர் ஒருவர் வந்து அன்பாகவே சொன்னார்: "எதுக்கும்மா மூணு பேர்? நீயும் பொண்ணும் பையன் பேருக்கு எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்குச் சிக்கல் இருக்காது." தம்பி கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. இருபது வருடமாகப் பெண்ணியம் பேசும் நான் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தேன். எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, தம்பியோடு மனக்கசப்பு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படித் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஆவணத்துக்குப் பதிவுத் துறையில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். தமிழ்நாட்டில் எத்தனையோ அக்காள்களும் தங்கைகளும் கையெழுத்திட்ட பத்திரம் அது. வரைவை வாங்கிப் படித்த அம்மா அந்தத் தலைப்பில் விரலை வைத்து, "யாருக்கு விடுதலை?" என்று கேட்டார். பிறகு காகிதத்தை மடித்து அந்தத் தண்ணீர்க் கணக்கு டைரிக்குள் வைத்துவிட்டார். "மூணு பேர் பேர்லயே இருக்கட்டும். நீயும் போடாத."

தம்பி இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினான். வீட்டு வரி ரசீதில் இப்போது எங்கள் மூவர் பெயரும் இருக்கிறது. சென்ற வருடம் மொட்டை மாடியில் நடந்த கூட்டத்தில் மழைநீர்த் தொட்டிப் பேச்சு மறுபடி வந்தது. அம்மாவுக்கு வயது 74. உத்தரமேரூர் விதிப்படி வயதும் தாண்டிவிட்டது. முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறிப் போய்க் கை தூக்கினார். அந்தச் செயலாளர் தம்பி எண்ணி எழுதிக்கொண்டார்.